மனு எழுதிய சபை

கிராமத்து ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையின்போது பிரசங்கத்தைவிட அறிவிப்புகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காணிக்கை எடுத்து முடிந்ததும் போதகரோ சபைச் செயலரோ ஒரு தாளை விரித்துப் படிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இது இரண்டாவது ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்திருக்கிறது, ரத்தம் வேண்டும். பத்தாவது எழுதும் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை ஜெபம். பிடியரிசி கொடுக்காதவர்கள் அடுத்த வாரம் மறக்காமல் கொண்டுவரவும். ஊரில் யார் பிறந்தார்கள், யார் படுத்தார்கள், யாருக்கு என்ன தேவை என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும்.

மறைமலை நகரைச் சுற்றியிருக்கும் கிராமத்துச் சபைகளைப் பற்றி எழுதுவதென்றால், இன்றைக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதோடு, நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்னால் இதே சபைகள் வேறொரு தாளில் என்ன எழுதின என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் தர்க்காஸ்து, நிலம் கேட்கும் மனு.

ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரைத் தாண்டினால் அடுத்த ரயில் நிலையம் சிங்கப்பெருமாள் கோயில். குன்றைக் குடைந்த குகையில் நரசிம்மர் அமர்ந்திருக்கும் ஊர். அதன் பக்கத்தில்தான் மல்ரோசாபுரம். பழைய மிஷன் பதிவுகளில் மெல்ரோசாபுரம். இப்போது தொழிற்சாலை லாரிகளும் கம்பெனி பஸ்களும் போய்வரும் வட்டாரம். ஷிப்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் ஸ்காட்லாந்திலுள்ள மெல்ரோஸ் என்ற ஊரிலிருந்து வந்தது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1890களில், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத சேரி மக்களைக் குடியமர்த்த மிஷன் உண்டாக்கிய ஊர் அது. முன்னின்றவர் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ.

அந்த மிஷனுக்குச் செங்கல்பட்டு புதிதல்ல. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறைமலை அடிகள் தமிழாசிரியராக வேலை பார்த்ததும் அந்தக் கல்லூரியில்தான். 1980இல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அவர் பெயரைச் சூட்டி அமைத்த புதுநகரம் மறைமலை நகர். ஆண்டர்சன் காலத்திலேயே காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகள் வந்துவிட்டன. அவற்றின் நோக்கம் மேல்சாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி கொடுப்பது. சேரிப் பக்கம் மிஷன் திரும்பியது பிறகுதான், அதுவும் சேரிக்காரர்கள் தாங்களே வந்து கூப்பிட்டதால். கிராமத்துச் சபை என்ற ஒன்று இந்தச் சீமையில் வேர்பிடித்ததற்கு முதல் காரணம் அந்த மக்கள்தான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகள் இதைத் தலைகீழாகச் சொல்லும்.

அவர்கள் ஏன் கூப்பிட்டார்கள்? செங்கல்பட்டு மிராசு முறையின் கோட்டை. ஊர் நிலம் மிராசுதார்களுடையது. பயிரிடாத தரிசின் மேலும் அவர்களுக்கே முன்னுரிமை. சேரிக்காரர் படியாள், தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் உழைப்பது சாதாரணம். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவர் குடியிருந்த குடிசையின் அடிமண்ணே அவருடையதல்ல. கூலியை உயர்த்திக் கேட்டாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை போதும். சேரியில் பள்ளி வைக்க நாலு சென்ட் இடம் கேட்டுப் போன இடங்களில் மிஷன்காரர்களுக்கும் இதே அனுபவம். எழுத்து சொல்லிக்கொடுக்க வந்தவர்கள், மனை யாருடையது என்ற கேள்வியைத் தாண்டாமல் பள்ளிக்கூரையே போட முடியாது என்று கண்டுகொண்டார்கள்.

அரசுத் தரிசு நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் தர்க்காஸ்து கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. நடைமுறை வேறு. மனுவை எழுத வேண்டும், எழுதத் தெரியாது. எழுதிக் கொடுத்தாலும் கணக்குப்பிள்ளை அறிக்கை வேண்டும். அவர் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறவர். நோட்டீஸ் ஒட்டி ஆட்சேபணை கேட்பார்கள். முன்னுரிமை உள்ளவர் அந்த நிலம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார். இதையெல்லாம் தாண்டி ஒருவர் நிலம் வாங்கிவிட்டால் பயிரில் மாடு இறங்கும், மடைத் தண்ணீர் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் சபை குறுக்கே வந்து நின்றது. ஆண்ட்ரூவும், திருவள்ளூர் பக்கம் வேலை செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் சேரி மக்களின் நிலவரத்தைப் பத்திரிகைகளிலும் அரசுக்கான விண்ணப்பங்களிலும் ஓயாமல் எழுதினார்கள். ஊருக்குள் மனு எழுதியவர்கள் உபதேசியார்கள். அவர்களில் பலரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. காலையில் சேரிப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, சாயங்காலம் ஜெபக்கூட்டம், இடையில் தாலுகா கச்சேரிக்கு நடை என்று போனது அவர்கள் வாழ்க்கை. கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் நடுவில், கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவர் தங்கள் பக்கம் இருக்கிறார் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய பலம்!

செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் ஹென்றி அபர்லி டிரமென்ஹீர், 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடிமனை உரிமை, தரிசு நிலம், கல்வி மூன்றும் வேண்டும் என்பது அதன் சாரம். வருவாய் வாரியத்துக்கு அது ரசிக்கவில்லை. ஆனாலும் விவகாரம் வளர்ந்து, 1892 செப்டம்பர் 30 தேதியிட்டு அரசாணை 1010, 1010-ஏ வெளிவந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடமானம் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனைகளோடு தரிசு நிலங்கள் சேரி மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டன. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

இதை வெள்ளைக்காரர்களின் கொடை என்று சுருக்கிவிடக் கூடாது. டிரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே 1891இல் நீலகிரியில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். சேரியிலிருந்து ஒரு குரல் கிளம்பிவிட்ட காலம் அது. சபை அந்தக் குரலுக்குத் தாளும் மையும் கொடுத்தது என்றால் சரியாக இருக்கும்.

‘நிலத்துக்காகவும் சோற்றுக்காகவும் மதம் மாறியவர்கள்’ என்ற பேச்சு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மனசு கொதிக்கும் பேச்சு இது. குடிசையை எந்த நேரமும் பிரிக்கலாம் என்ற பயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர், தனக்காகக் கச்சேரி வாசலில் வந்து நிற்கும் ஒருவரின் கடவுளை நம்பினார் என்றால் அதில் என்ன கேவலம்? வயிறும் ஆத்மாவும் வேறுவேறு என்று சொல்ல வயிறு நிறைந்தவர்களால்தான் முடியும். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அடி விழுந்தது, வேலை போனது, கிணறு மறுக்கப்பட்டது. சலுகைக்காக வந்திருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பார்கள். சபைகள் இன்னமும் இருக்கின்றன.

அதற்காக மிஷன் ஊர்களில் குறையே இல்லை என்று எழுத முடியாது. நிலத்தை மிஷன் கையில் வைத்துக்கொண்டு மக்களைக் குத்தகைக்காரர்களாக வைத்த இடங்கள் உண்டு. குடிக்கக் கூடாது, ஓய்வுநாளில் ஏர் பூட்டக் கூடாது, பழைய சாமி கும்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் உண்டு. மிராசுதாரிடமிருந்து விடுபட்டவருக்கு மிஷன் பங்களா இன்னொரு அதிகாரமாகத் தெரிந்திருக்கும். இருந்தும், எங்கள் மனை, எங்கள் கிணறு, எங்கள் பள்ளி என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் கிடைத்தது. பக்கத்துச் சேரிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்காட்லாந்து மிஷன் செங்கல்பட்டில் விட்டுச்சென்றவற்றில் புனித கொலம்பா பள்ளி எல்லோருக்கும் தெரியும். திருமணியில் 1920களின் மத்தியில் வந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தையும் அந்த மிஷன்தான் நடத்தியது. மருத்துவர் ராபர்ட் காக்ரேன் தொழுநோய்க்கு டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆரம்பகால முயற்சிகள் அங்கே நடந்தன. 1955இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. ஊரும் உறவும் தள்ளிவைத்தவர்களை வைத்துப் பார்த்த இடம்.

மிஷன் காலம் முடிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஸ்காட்லாந்து மிஷனின் கிராமத்துச் சபைகளும் அதற்குள் வந்தன. கத்தோலிக்கர் தரப்பில், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தது. வெள்ளைக்காரர் போனதும் சபை நிலப் பேச்சை மறந்துவிட்டதா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் முழுக்க அல்ல.

1994 அக்டோபர் 10. மாமல்லபுரம் பக்கம் காரணை என்ற கிராமத்தின் பஞ்சமி நிலம் வேறு கைகளுக்குப் போயிருந்தது. மக்கள் அந்த நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். நிர்வாகம் சிலையை அகற்றியது. அதைக் கேட்கச் செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்த நிலவுரிமை இயக்கத்தில் செங்கல்பட்டுப் பகுதியில் வேலை செய்த யேசு சபைக் குருக்களும் முன்னால் நின்றார்கள். டிரமென்ஹீர் அறிக்கையும் 1892 அரசாணையும் நூறு வருஷம் கழித்து மறுபடி ஊர் ஊராகப் பேசப்பட்டதற்குக் காரணம் அந்தப் போராட்டம். இறந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று கிறிஸ்தவப் பெயர், ஒன்று பெருமாள் பெயர். ஒரே நிலத்துக்காக ஒரே தெருவில் விழுந்தவர்கள். கிராமத்துச் சபை தன் ஊரோடு எப்படிச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் ஓர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சேர விடாமல் தடுப்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. சாதி ஆலய வாசலில் செருப்போடு கழன்று விடுவதில்லை. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே நடந்த மோதல் துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்களைக் குடித்தது. கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி, தேர் வராத தெரு என்று தமிழ்நாட்டில் பல பங்குகளில் இன்னமும் வழக்குகள் உண்டு. செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் முதல் ஆயரான நீதிநாதன், இந்திய ஆயர் பேரவையில் தலித் கிறிஸ்தவர்களுக்கான பணிக்குத் தலைமை தாங்கியவர். மேலே ஆயர் வந்துவிட்டார், கீழே கல்லறைச் சுவர் இடிய வேண்டியிருக்கிறது.

அரசின் பங்கு வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்கு வந்தது, கிறிஸ்தவருக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரே சேரி, ஒரே கொல்லை, அண்ணன் ஒரு சான்றிதழ், தம்பி ஒரு சான்றிதழ். பையனைக் காலேஜில் சேர்க்கும் ஜூன் மாதம் வந்தால், ஆலயத்தில் பெயர் இருக்கட்டுமா வேண்டாமா என்று கலங்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அந்தக் கலக்கத்தை விசுவாசக் குறைவு என்று எந்தப் போதகர் கண்டித்தாலும் அது பாவம் என்பேன்.

இப்போது ஊரே மாறிவிட்டது. ஃபோர்டு கம்பெனி 1990களின் நடுவில் வந்து, 2022இல் கடையைக் கட்டிக்கொண்டு போனது. அதற்கு முன்னும் பின்னும் வந்த நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் வயலை முழுங்கின. ஏக்கர் கணக்கு போய் சதுர அடிக் கணக்கு வந்தது. நிலமில்லாதவர் பிள்ளைகள் காண்டிராக்ட் லேபராகப் போகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வரிசை வீடுகளில் தங்குகிறார்கள்.

இத்தனைக்கு நடுவிலும் அறுப்பின் பண்டிகை நடக்கிறது. அதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆலயத்துக்கு வெளியே பந்தல். வாழைத்தார், பூசணி, கீரைக்கட்டு, தேங்காய், சேவல், வீட்டில் சுட்ட அதிரசம். வயல் போன வீடுகள் அண்டா, குடம் என்று கடையில் வாங்கி வைக்கின்றன. ஏலம் கூறுகிறவர் குரல் நல்ல கனம். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” ஓர் எலுமிச்சம்பழம் அதன் விலையைப் போல ஐம்பது மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப மேஜையில் வைத்து, “மறுபடி ஏலம் விடுங்க” என்பார். ஏலம் கேட்கிறவர்களில் ஆலயத்துக்குள் ஒருநாளும் வராதவர்களும் இருப்பார்கள்: பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா, மளிகைக் கடை பாய், கட்சிக்காரர். ஆடித் திருவிழாவுக்குச் சபைக்காரர்கள் கொடுத்த வரிக்கு இது பதில் மரியாதை. பிரியாணி எல்லோருக்கும். அந்தப் பணத்தில் ஆலயக் கூரையும் ஏழைப் பிள்ளைகளின் பீஸும் நடக்கும்.

பிடியரிசி இன்னும் அருமையான ஏற்பாடு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவது. கூலி வேலைக்குப் போகிற பெண்ணும் கொடுப்பார். யாரிடமும் கேட்காமல், புருஷன் சம்பாத்தியத்தை எதிர்பார்க்காமல், தன் அடுப்படியிலிருந்து கொடுக்கக்கூடிய காணிக்கை அது. கிராமத்து உபதேசியார்களின் வீட்டில் உலை கொதித்தது பல இடங்களில் அந்த அரிசியால்தான். எடின்பரோவிலிருந்து வந்த பணத்தைப் பற்றி எழுதியவர்கள் இந்த டப்பாக்களைப் பற்றி எழுதவில்லை.

பெருநகரத்து மெகா சபைகள் பைபாஸ் ஓரமாக வந்துவிட்ட காலம் இது. எல்.இ.டி. திரை, பஸ் வசதி, சுகமளிக்கும் கூட்டம். கிராமத்து இளைஞர்கள் அங்கே போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால், சாவு விழுந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்கு யாராவது கூட வரவேண்டுமென்றால், நடந்து போகும் தூரத்திலுள்ள போதகர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அந்தக் கதவு திறப்பதில்தான் சபையின் மானம் இருக்கிறது. சில இடங்களில் அது திறப்பதில்லை என்பதும் உண்மை. நிர்வாகக் கமிட்டித் தேர்தலிலும் சொத்து வழக்கிலும் செலவாகும் மூளை, தாலுகா ஆபீஸ் பக்கம் திரும்பியே பல வருஷம் ஆகிவிட்டது.

திரும்ப வேண்டிய நேரம் இது. பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் இது பஞ்சமி நிலம் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் நிலத்தை இழந்தவர் தலையில்தான் விழுகிறது. 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் (யு.டி.ஆர்.) பதிவுகளில் பல இடங்களில் ‘டி.சி. நிலம்’ (ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம்) என்ற குறிப்பு மறைந்துவிட்டதாக நிலவுரிமை இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதற்கு முந்தைய அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். நிலத்தின் பெயரை அது காட்டும். அந்த நிலத்தில் வாழ்ந்த குடும்பத்தை எது காட்டும்?

பழைய கிராமத்து ஆலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், தேதி. பட்டாவில் ஒருநாளும் பெயர் ஏறாத சேரிக் குடும்பங்களுக்கு, இன்ன வருஷம் இன்ன ஊரில் இருந்தோம் என்று சொல்ல எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி பல இடங்களில் அதுவாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்து மிஷனின் கடிதங்களை எடின்பரோவில் தேசிய நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பதிவேடுகளோ ஈரச் சுவர் ஓரத்து மர அலமாரியில் கறையானுக்குக் காத்திருக்கின்றன. திருமண்டலங்களும் மறைமாவட்டமும் அவற்றை எடுத்து, ஸ்கேன் செய்து, கேட்டு வருகிறவர் கிறிஸ்தவரா இந்துவா என்று பார்க்காமல் நகல் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வாலிபர் சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளை இன்று யார்? ஒரு கோடை விடுமுறை போதும். அடுத்த ஞாயிறு அறிவிப்புத் தாளில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.